பாம்புக்கடி தீசிஸ்: பப்மெட்ல கொட்டோ கொட்டுனு கொட்டுது, ஒரு துறைய மட்டும் படிச்சு வடிகட்டி வைக்கிற சென்டர்னு ஏதாவது இருக்கா?

வார்டு_ராத்திரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்டி ஜெனரல் மெடிசின் முதல் வருஷம். டெல்டா பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அறுப்பு சமயம் வந்தா காஷுவால்ட்டில கண்ணாடி விரியன் கேஸ் வராத நாளே இல்ல. ஏஎஸ்வி (பாம்பு விஷ முறிவு மருந்து) ட்ரிப்ல ஏத்தி கொஞ்ச நேரத்துலயே சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு, குளிர் நடுக்கம், சிலருக்கு பிபி அப்படியே இறங்கிடும். இதைத் தடுக்க முன்கூட்டி என்ன மருந்து போடணும்கிறதுல எங்க யூனிட்டுக்குள்ளயே ஆளுக்கு ஒரு பழக்கம். ஒருத்தர் ஹைட்ரோகார்ட்டும் (ஸ்டீராய்டு) ஏவிலும் (அலர்ஜி மருந்து) போடாம ஏஎஸ்வி பாட்டிலையே தொட மாட்டார், இன்னொருத்தர் தோலுக்கடியில கொஞ்சமா அட்ரினலின் போடுவார், மூணாவது ஆள் எதுவும் வேணாம், ரியாக்ஷன் வந்தா பாத்துக்கலாம்பார். இதையே தீசிஸா எடுத்துக்கலாம்னு கைடும் ஓகே சொல்லிட்டார்.

இப்ப பிரச்சனை ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர், அதாவது இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதற பகுதி. பப்மெட்ல (மருத்துவக் கட்டுரைகளைத் தேடற இணையதளம்) ஆன்டி ஸ்நேக் வெனம்னு போட்டா ஒரு கும்பல் வருது, ஆன்டிவெனம்னு போட்டா வேற கும்பல், ஆன்டிவெனின்னு போட்டா இன்னொண்ணு. எலியில பண்ணது, குதிரை சீரத்தைப் பத்தினது, ஆஸ்திரேலியா பாம்பு, ஒரே ஒரு நோயாளியைப் பத்தின கேஸ் ரிப்போர்ட், எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்குது. டியூட்டி முடிச்சிட்டு வந்து ராத்திரி உக்காந்தா நாலு பேப்பர் படிக்கறதுக்குள்ள கண்ணு சொருகுது. இண்டர்நெட் வர்றதுக்கு முன்னாடி இதெல்லாம் எப்படித்தான் சமாளிச்சாங்க? இந்தத் துறைய தெரிஞ்ச ஆளுங்களே உக்காந்து படிச்சு, இது தேறும் இது தேறாதுனு பிரிச்சு வைக்கிற இடம் எங்கயாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_நூலகர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் மெடிக்கல் காலேஜ் லைப்ரரில வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், அதனால பழைய கதையிலருந்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

அந்தக் காலத்துல எங்களுக்கு இண்டெக்ஸ் மெடிகஸ்தான் எல்லாம், மருத்துவக் கட்டுரைகளோட அச்சுப் பட்டியல் அது. அமெரிக்க ராணுவ சர்ஜன் ஜெனரல் லைப்ரரிய கட்டி எழுப்பின ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-ல ஆரம்பிச்சது. மாசாமாசம் வரும், வருஷம் முடிஞ்சா தொகுப்பா தடிதடியா வால்யூம் வந்து ரேக்கை அடைச்சுக்கும். ஒரு பிஜி வந்து பாம்புக்கடினு கேட்டா ஒவ்வொரு வருஷ வால்யூமையும் இறக்கி, தலைப்பைத் தேடிப் பிடிச்சு, பொடி எழுத்துல இருக்கற ஜர்னல் பேர், வால்யூம், பக்கம் எல்லாத்தையும் கார்டுல எழுதி எடுக்கணும். அந்த ஜர்னல் நம்ம லைப்ரரில இல்லன்னா வேற ஊருக்கு லெட்டர் போட்டு ஜெராக்ஸ் வரக் காத்திருக்கணும். 1964-ல அமெரிக்காவுல மெட்லார்ஸ்னு கம்ப்யூட்டருக்கு மாத்தினாங்க, 1971-ல மெட்லைன், 1997-ல பப்மெட்டை ஊருக்கே இலவசமா திறந்து விட்டாங்க. நம்ம நாட்டுல ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) என்ஐசியும் (தேசிய தகவலியல் மையம்) சேர்ந்து 1986-ல டெல்லியில இந்தியன் மெட்லார்ஸ் சென்டர் தொடங்கினாங்க. அவங்க செஞ்ச பெரிய காரியம் இண்ட்மெட். வெளிநாட்டு இண்டெக்ஸ் கண்டுக்காம விட்ட இந்திய ஜர்னல்களை 1985-லருந்து தொகுத்தாங்க. பாம்புக்கடி மாதிரி நம்ம ஊர் பிரச்சனைக்கு அது எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

ஆனா தம்பி கேட்டது இண்டெக்ஸ் இல்ல. படிச்சு வடிகட்டற இடம். இதே கேள்விய 1963-லயே கேட்டிருக்காங்க. கென்னடி காலத்துல அவரோட அறிவியல் ஆலோசனைக் குழுவுக்காக ஆல்வின் வெய்ன்பர்க் தலைமையில ஒரு அறிக்கை வந்துச்சு, அவர் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தோட டைரக்டர். கட்டுரைங்க பெருகிக்கிட்டே போகுது, லைப்ரரி மட்டும் வச்சு தாங்காது, ஒவ்வொரு துறைக்கும் தனி தகவல் மையம் வேணும், அதை அந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவங்களே நடத்தணும், அது ஆராய்ச்சி நடக்கற இடத்துலயே இருக்கணும்னு அடிச்சு சொன்னாங்க. புத்தகம் அடுக்கறவன் வேலை வேற, படிச்சு மதிப்பு போடறவன் வேலை வேற. நான் முதல் ரகம், அதைச் சொல்றதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல, ரெண்டு பேரும் வேணும்.

அந்தச் சமயத்துல அமெரிக்க நரம்பியல் இன்ஸ்டிடியூட் பணம் குடுத்து அப்படி சில மையங்கள் நடந்துச்சு. மூளை ஆராய்ச்சிக்கு யூசிஎல்ஏவுல பிரெய்ன் இன்ஃபர்மேஷன் சர்வீஸ், பார்க்கின்சனுக்கு கொலம்பியா யுனிவர்சிட்டியில ஒண்ணு, காதுகேளாமை பேச்சுக் குறைபாட்டுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஒண்ணு. தூக்கத்தோட கட்டங்களைப் பிரிக்க உலகம் பூரா வருஷக்கணக்கா வச்சிருந்த ரெக்ட்ஷாஃபன் கேல்ஸ் கையேட்டோட அட்டையிலயே யூசிஎல்ஏ மையத்தோட பேர் இருக்கும், எங்க லைப்ரரில கூட ஒரு காப்பி இருந்துச்சு.

இப்ப உங்க தேடல் விஷயம். நீங்க மூணு பேர்ல தேடறதுதான் சிக்கல். மெஷ் தலைப்பை (பப்மெட்ல ஒவ்வொரு விஷயத்துக்கும் நிலையா வச்சிருக்கற பொருள் தலைப்பு) வச்சு தேடுங்க. கட்டுரை எழுதினவர் ஏஎஸ்வினு எழுதியிருந்தாலும் ஆன்டிவெனம்னு எழுதியிருந்தாலும் இண்டெக்ஸ்ல ஆன்டிவெனின்ஸ்ங்கற ஒரே தலைப்புக்குக் கீழ வந்துடும். அதுக்குள்ள அட்வர்ஸ் எஃபெக்ட்ஸ்னு உபதலைப்பு இருக்கு, அதையும் டிக் பண்ணி, கூட ஸ்நேக் பைட்ஸ் தலைப்பையும் சேருங்க, அப்புறம் ரேண்டமைஸ்டு ட்ரையல்னு (நோயாளிங்களை குலுக்கல் மாதிரி பிரிச்சு சிகிச்சைய ஒப்பிடற ஆய்வு) ஃபில்டர் போடுங்க. குவியல் எவ்வளவு சுருங்குதுனு நீங்களே பாருங்க. ஒரு எச்சரிக்கை, 2022-லருந்து மெட்லைன்ல தலைப்பு போடறது கம்ப்யூட்டர்தான், மனுஷங்க மேற்பார்வை மட்டும் பாக்கறாங்க. அதனால தலைப்புல மட்டும் தேடி நிறுத்திடாதீங்க, அந்த மூணு பேரையும் டைட்டில் அப்ஸ்ட்ராக்ட்லயும் போட்டு இன்னொரு சுத்து தேடி ரெண்டையும் சேத்துக்கங்க. உங்க காலேஜ் லைப்ரேரியனைப் போய் பாருங்க, பக்கத்துல உக்கார வச்சு செஞ்சு குடுப்பாங்க, யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னுதான் அவங்களுக்கு வருத்தம்.

மெட்டா_அனாலிசிஸ் எழுதியது:

நூலகர் ஐயா சொன்னதுக்கு மேல ஒண்ணு சேக்கறேன். நீங்க தேடற சென்டர் வேலூர்லயே இருக்குங்க. சிஎம்சியில (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) காக்ரேன் குழு இருக்கு, முன்னாடி காக்ரேன் தெற்காசிய மையம்னு பேர், டாக்டர் பிரதாப் தர்யன் அதைக் கட்டி வளர்த்தவர். காக்ரேன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஆர்ச்சி காக்ரேன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், 1979-ல அவர் நம்ம தொழில் மேலயே ஒரு குற்றச்சாட்டு வச்சார், ஒவ்வொரு ஸ்பெஷாலிட்டிக்கும் எல்லா ரேண்டமைஸ்டு ட்ரையலையும் சேத்து அலசி அப்பப்ப புதுப்பிச்ச ஒரு தொகுப்பு நம்மகிட்ட இல்லையேன்னு. அதை முதல்ல கையில எடுத்தது பிரசவத் துறைதான். ஆக்ஸ்ஃபோர்டுல இயன் சால்மர்ஸ் டீம் பிரசவம் சம்பந்தப்பட்ட ட்ரையல் எல்லாத்தையும் திரட்டினாங்க, அது வளர்ந்து 1992-ல காக்ரேன் சென்டர், அடுத்த வருஷம் உலக அளவுல கூட்டமைப்பு. ட்ரையல்களைத் திரட்டி அலசி ரிவ்யூ எழுதறதுதான் அவங்க வேலை.

அவங்க லோகோவ என்னைக்காவது உத்துப் பாத்திருக்கீங்களா? நடுவுல நின்ன ஒரு கோடு, குறுக்கால சின்னச் சின்னக் கோடுங்க, கீழ ஒரு டைமண்ட். அது அலங்காரத்துக்குப் போட்டது இல்ல, நிஜமான ஒரு மெட்டா அனாலிசிஸோட (பல ட்ரையல் முடிவுகளை ஒண்ணா கூட்டிப் போடற கணக்கு) படம். குறைமாசப் பிரசவம் ஆகப்போற அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா குழந்தை பொழைக்குமாங்கறதைப் பத்தின ட்ரையல்கள். முதல் ட்ரையல் நியூசிலாந்துல லிக்கின்ஸும் ஹோவியும் பண்ணி 1972-ல வந்துடுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துக்கிட்டே இருந்துச்சு, எல்லாத்தையும் ஒண்ணா கூட்டிப் பாத்த ரிவ்யூ வர 1989 ஆச்சு. குழந்தைங்க சாகற வாய்ப்பு 30-லருந்து 50 சதவீதம் குறையுதுனு தெரிஞ்சுது. அதுவரைக்கும் நிறைய பிரசவ டாக்டர்களுக்கு அது தெரியவே இல்ல, அந்த இடைப்பட்ட வருஷங்கள்ல பொழைச்சிருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைங்க போயிருக்கும்னு சொல்றாங்க. மருந்தும் இருந்துச்சு, விலையும் கம்மி, ஆதாரமும் அச்சாகி ஷெல்ஃப்ல இருந்துச்சு, எடுத்துச் சேத்துப் படிக்கத்தான் ஆள் இல்ல. எனக்கு இதை நினைச்சா இன்னமும் ஆறாது.

உங்க கேள்விக்கே வரேன். ஏஎஸ்வி ரியாக்ஷனைத் தடுக்கற மருந்துகளைப் பத்தி காக்ரேன் ரிவ்யூ 2000 வாக்குலயே வந்தாச்சு. அப்ப தேறினது ரொம்பக் கொஞ்சம் ட்ரையல்தான், அட்ரினலின் உதவற மாதிரி இருக்கு, ஆன்டிஹிஸ்டமின்ல பெருசா பலன் தெரியலன்னு முடிச்சாங்க. அந்த ஓட்டைய அடைச்சது இலங்கை ட்ரையல், 2011-ல வந்தது, 1007 பேர். அதுல அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், ப்ரொமெத்தசின் (ஒரு ஆன்டிஹிஸ்டமின், அதாவது அலர்ஜி மருந்து) மூணையும் தனித்தனியாவும் சேத்தும் பிளாசிபோவோட (மருந்தே இல்லாத போலி ஊசி) ஒப்பிட்டாங்க. முக்கால்வாசி பேருக்கு ஏதோ ஒரு ரியாக்ஷன் வந்துச்சு. அட்ரினலின் போட்டவங்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துல கடுமையான ரியாக்ஷன் 43 சதவீதம் குறைஞ்சுது, 48 மணி நேரம் வரைக்கும் பாத்தா 38 சதவீதம். ஹைட்ரோகார்ட்டுக்கும் ப்ரொமெத்தசினுக்கும் பலன் இல்ல. இன்னும் ஒண்ணு, அட்ரினலினோட ஹைட்ரோகார்ட்டைச் சேத்துப் போட்டா அட்ரினலினோட நன்மையே அடிபட்டுப் போகுது. அங்க ஏத்தினதும் இந்தியாவுல தயாரான ஏஎஸ்விதான், அதனால இது வேற நாட்டுக் கதைனு ஒதுக்க முடியாது. உங்க யூனிட்ல மூணு பேருக்கு மூணு பழக்கம்னீங்களே, இந்த ஒரு பேப்பரை பிரிண்ட் எடுத்து ரவுண்ட்ஸ்ல மூணு பேர் கையிலயும் குடுங்க.

இன்னொரு விஷயம், நம்ம கடற்கரை சம்பந்தப்பட்டது. 2004 சுனாமி முடிஞ்ச கையோட காக்ரேன் ஆளுங்க, பேரிடர் சமயத்துல எது வேலை செய்யும் எது செய்யாதுங்கற ரிவ்யூவ எல்லாம் பொறுக்கி ஒரே இடத்துல திறந்து வச்சாங்க, எவிடென்ஸ் எய்டுனு பேர், வேலூர் டீமும் அதுல முன்னாடி நின்னாங்க. நடந்ததை எல்லாம் ஒரே உக்கார்ல மனுஷங்களைச் சொல்ல வைக்கிற டீபிரீஃபிங் முறை இருக்கே, அது பின்னால வர்ற மனப் பாதிப்பைத் தடுக்கறதுக்கு ஆதாரம் இல்ல, கட்டாயப்படுத்திச் செய்யறதை நிறுத்தணும்னு காக்ரேன் ரிவ்யூ ஏற்கனவே சொல்லியிருந்துச்சு. நல்ல மனசோட உதவி பண்ண ஓடி வர்றவங்க கையில அந்த நேரத்துல அப்படி ஒரு தாள் இருக்கறது சின்ன விஷயம் இல்லீங்க.

ஃபார்ம்டி_அக்கா எழுதியது:

நான் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், டிரக் இன்ஃபர்மேஷன்ல இருக்கேன். சென்டர்னா ரிவ்யூ எழுதற இடம் மட்டும்னு நினைச்சுக்காதீங்க, அவசரக் கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் சொல்ற சென்டரும் உண்டு. டெல்லி எய்ம்ஸ்ல 1995-லருந்து தேசிய விஷத் தகவல் மையம் இருக்கு, ராத்திரி பகல் எந்நேரமும் ஃபோன்ல சொல்லுவாங்க.

எங்ககிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, தாய்ப்பால் குடுக்கற அம்மாவுக்கு இந்த மாத்திரை குடுக்கலாமாங்கறது. மாத்திரைத் தாளைப் பாத்தா எல்லாத்துலயும் தவிர்க்கவும்னுதான் போட்டிருக்கும், அதைப் படிச்சிட்டு வீட்டுல பாலை நிறுத்திடறாங்க. அதுக்கு லாக்ட்மெட்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின்ல 2006-லருந்து, இலவசம். ஒவ்வொரு மருந்துக்கும் பால்ல எவ்வளவு இறங்குது, குழந்தை ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சு, குழந்தைக்கு ஏதாவது ஆனதா பதிவு உண்டா, அதுக்குப் பதிலா எதைக் குடுக்கலாம், எல்லாம் ஒரே பக்கத்துல. துறைய முழுசா தெரிஞ்ச ஆளுங்க உக்காந்து படிச்சு எழுதினாத்தான் அப்படி ஒரு பக்கம் வரும். வார்டுல இருந்தே ஃபோன்ல பாத்துடலாம், உங்க தலைப்புக்கு வெளிய இருந்தாலும் சேவ் பண்ணி வச்சுக்கங்க டாக்டர்.

நைட்_ஆவல் எழுதியது:

எல்லாம் சரிதாங்க, ஆனா இந்த சென்டர்ஸ் மேல எனக்கு முழு நம்பிக்கை வரல. ஒரு காக்ரேன் ரிவ்யூ வெளிய வரவே வருஷக்கணக்கா ஆகுது, வர்றப்ப பழசாயிடுது, இங்கயே பாருங்க, பாம்புக்கடி ரிவ்யூ 2000-ல, பெரிய ட்ரையல் 2011-ல. ரிவ்யூவ மட்டும் நம்பி இருந்தவர் எத்தனை வருஷம் பின்தங்கியிருப்பார். இப்ப ஏஐகிட்ட கேட்டா ரெண்டு நிமிஷத்துல சுருக்கமே குடுத்துடுது, அப்புறம் எதுக்கு இவ்வளவு சுத்து?

மெட்டா_அனாலிசிஸ் எழுதியது:

பழசாகுதுங்கறது நியாயமான குறை, மறுக்கல. 2010-லயே சால்மர்ஸும் கூட இருந்தவங்களும் போட்ட கணக்குல ஒரு நாளைக்கு 75 ட்ரையல், 11 சிஸ்டமேட்டிக் ரிவ்யூ (முறையா தேடித் திரட்டி அலசற தொகுப்பு) வெளிவருது. பப்மெட்ல இப்ப 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல பதிவு இருக்கு, வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல சேருது. அதனாலதான் லிவிங் ரிவ்யூனு புதுசு வரவர சேத்துக்கிட்டே போற முறைக்கு மாறிட்டு வராங்க. கோவிட் ஆரம்பிச்ச 2020-ல நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் லிட்கோவிட்னு அந்த ஒரு நோய்க்கே தனியா திறந்து, வர்ற பேப்பரை சிகிச்சை, பரவல், தடுப்புனு பிரிச்சுப் போட்டாங்க. அதுல மெஷினும் உண்டு, சரிபார்க்க மனுஷங்களும் உண்டு.

ஏஐ விஷயத்துல நான் கறாரா இருப்பேன். அது குடுக்கற சுருக்கம் சரளமா இருக்கும், ஆனா எந்த ட்ரையலை விட்டுச்சு, ஏன் விட்டுச்சுனு உங்களுக்குத் தெரியாது. சில சமயம் இல்லாத பேப்பரையே ஆசிரியர் பேரோட தரும். காக்ரேன் ரிவ்யூவ திறந்தா எங்க தேடினாங்க, எந்தத் தேதி வரைக்கும் தேடினாங்க, எதை ஏன் ஒதுக்கினாங்கன்னு பட்டியலே இருக்கும். தேடின தேதி பழசா இருந்தா அந்தத் தேதியிலருந்து இன்னைக்கு வரைக்கும் மட்டும் நீங்க தேடிச் சேத்துக்கலாம், அஸ்திவாரத்தை மறுபடி தோண்ட வேண்டாம். நூலகர் ஐயா சொன்ன தேடலை ரிவ்யூ முடிஞ்ச தேதிக்கு அப்புறம்னு குறுக்கிப் போட்டா இலங்கை ட்ரையல் தானா வந்து விழும்.

உண்மையான ஆபத்து பழசாகறது இல்ல, பணம் நின்னு போறது. இதுல வேலை பாக்கறவங்களுக்கு சம்பளம் வேணும், வருஷாவருஷம் வேணும். அமெரிக்காவுல சிகிச்சை கைட்லைன்ஸ் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருந்த நேஷனல் கைட்லைன் க்ளியரிங்ஹவுஸை நிதி இல்லன்னு 2018 ஜூலையில மூடிட்டாங்க. பிரிட்டன்ல காக்ரேன் ரிவ்யூ குழுக்களுக்கு அரசு குடுத்துட்டு இருந்த அடிப்படை நிதி 2023 மார்ச்சோட நின்னுச்சு, குழுக்கள் பல கலைஞ்சு போச்சு. புதுசா ஆராய்ச்சி பண்ண பணம் கிடைக்கும், பண்ணி முடிச்சதைப் படிச்சு சேத்து வைக்கப் பணம் கிடைக்காது, இதுக்கு மேல ஒரு வீண் செலவு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

வார்டு_ராத்திரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. நூலகர் சார் சொன்ன மாதிரி மெஷ் போட்டு, உபதலைப்பு டிக் பண்ணி, ட்ரையல் ஃபில்டரும் போட்டேன், முதல் பக்கத்தை உருட்டினாலே எல்லாமே நம்ம விஷயம்தான் வருது. இலங்கை பேப்பரும் கிடைச்சுது, அது இலவசமாவே இருக்கு. ஹைட்ரோகார்ட் சேத்தா அட்ரினலின் பலன் போகுதுங்கற வரிய படிச்சதும் எங்க கைடுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், அவர் நாளைக்கு பேசலாம்னிருக்கார்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, காக்ரேன் ரிவ்யூவும் மத்த ஜர்னல்களும் முழுசா படிக்க பணம் கட்டணுமா? ரெண்டாவது, இவ்வளவு பெரிய ட்ரையலே வந்துட்ட பிறகு நான் அதையே திரும்பப் பண்றதுல அர்த்தம் இருக்கா?

பழைய_நூலகர் எழுதியது:

முதல் கேள்விக்கு நான். காக்ரேன் லைப்ரரிய 2007-லயே ஐசிஎம்ஆர் பணம் கட்டி இந்தியா முழுக்கத் திறந்து விட்டாங்க, இப்பவும் அப்படியேதானானு லைப்ரரில கேட்டுக்கங்க. மத்த ஜர்னலுக்கு 2025 ஜனவரிலருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்திருக்கு, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், அரசு நிறுவனங்களுக்கு. உங்க காலேஜ் அரசு காலேஜ்னா லைப்ரரில கேட்டு லாகின் வாங்குங்க. தனியார்ன்னா இந்தத் திட்டத்துல வராது, காலேஜ் சந்தா என்ன இருக்குனு பாக்கணும், இல்லன்னா பேப்பர் எழுதினவருக்கே மெயில் போடுங்க, பெரும்பாலானவங்க மறுக்காம அனுப்பி வைப்பாங்க.

மெட்டா_அனாலிசிஸ் எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு: அதே ட்ரையலை சின்னதா திரும்பப் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. பலன் இருக்குனு தெரிஞ்ச மருந்தை பாதிப் பேருக்கு குடுக்காம இருக்கறதை எத்திக்ஸ் கமிட்டியே கேள்வி கேக்கும், கேக்கணும். அதுக்குப் பதிலா தலைப்பைக் கொஞ்சம் திருப்புங்க. உங்க ஆஸ்பத்திரில இப்ப யார் யாருக்கு என்ன போடறாங்க, ரியாக்ஷன் எத்தனை பேருக்கு வருது, எவ்வளவு நேரத்துல வருது, ஏஎஸ்வி ஏத்தற வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா, அட்ரினலின் மட்டும்னு ஒரே புரோட்டோகாலுக்கு மாத்தினா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் என்ன வித்தியாசம், இது யாரும் உங்க வார்டுல போய் பாக்காத விஷயம். டெல்டா பக்கம் கண்ணாடி விரியன் கேஸ் இவ்வளவு பாக்கற யூனிட் கணக்கு எழுதி வச்சா, நாளைக்கு ரிவ்யூ எழுதறவங்களுக்கு அது வேணும். ரியாக்ஷன் வந்துச்சுனு மொட்டையா எழுதாம மைல்டு, மாடரேட், சிவியர்னு இலங்கை ட்ரையல்ல பிரிச்ச மாதிரியே பிரிச்சு எழுதுங்க, அப்பத்தான் சேத்துப் பாக்க முடியும்.

புரோட்டோகால் மாத்தறதா இருந்தா முதல் நோயாளியச் சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐயில (இந்தியாவுல நடக்கற ட்ரையல்களோட அரசுப் பதிவேடு) பதிவு பண்ணிடுங்க. 2018 ஏப்ரல்லருந்து ஆரம்பிச்ச பிறகு கொண்டு போனா எடுத்துக்க மாட்டாங்க, எத்திக்ஸ் அப்ரூவல் லெட்டர் கையில இருந்தாத்தான் ஃபார்ம் முடியும், அதனால அறுப்பு சீசனுக்கு எத்தனை மாசம் இருக்குனு எண்ணிப் பாத்து கமிட்டி தேதிய இப்பவே கேட்டு வைங்க.